பாரிஸ் தொழிலாளியின் மெஸ், மகர்பட்டாவின் கண்ணாடிக் கதவு

புனே நகரின் கிழக்கே, ஹடப்சரை அடுத்து, ஒரு காலத்தில் கரும்பும் காய்கறியும் விளைந்த பூமி மகர்பட்டா. மகர் குடும்பத்தார் வழிவழியாக உழுது வந்த நிலம் என்பதால் அந்தப் பெயர். 1990-களில் நகரம் வளர்ந்து வளர்ந்து வயல் வரப்பு வரை வந்துவிட்டது. ஆளுக்கு ஓர் ஏக்கராக விற்றுக் காசாக்கிக் கொண்டு போயிருந்தால் மற்ற ஊர்களின் கதைதான் இங்கும் நடந்திருக்கும். சதீஷ் மகர் என்பவர் முன்னின்று நடத்த, சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஒன்றாகச் சேர்த்தன. நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பங்கு எடுத்துக் கொண்டு, தங்களுக்கென்று ஒரு கம்பெனியையே தொடங்கின. 2000-ம் ஆண்டில் கட்டட வேலை ஆரம்பமாயிற்று. இன்று அங்கே அடுக்கு மாடி வீடுகள், கம்ப்யூட்டர் கம்பெனிகள், கடைத்தொகுதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு.

அந்தக் கம்பெனிகளில் நம்மவர்கள் ஏராளம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் மட்டுமல்ல. கணக்குப் பிரிவுக் குமாஸ்தா, காவல் பணியாளர், கட்டட மேஸ்திரி, கார் ஓட்டுபவர், துணி தேய்ப்பவர், வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் என்று நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்கள் பலர். மாலையில் வேலை விட்டு வெளியே வந்தால் பசி எடுக்கிறது. வடா பாவ் வண்டி இருக்கிறது. மிசல் கடை இருக்கிறது. இட்லி, தோசைக்கும் குறைவில்லை. இவற்றுக்கு நடுவே, புனேயின் பல புதிய பேட்டைகளில், கண்ணாடிக் கதவும் மங்கலான விளக்கும் வைத்த கடைகள் முளைத்திருக்கின்றன. பெயர்ப் பலகையில் ‘பிஸ்ட்ரோ’ என்ற சொல் காணப்படும். வெளியே ஒரு கரும்பலகையில் வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர்கள் சாக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் விலை.

அந்த விலையைப் பார்த்துவிட்டுப் பலர் நடையைக் கட்டி விடுகிறார்கள். விலை மட்டும் காரணம் அல்ல. ‘இது நமக்கு இல்லை’ என்ற கூச்சம் கதவின் கைப்பிடியைத் தொட விடுவதில்லை. செருப்பைப் பார்ப்பார்களோ, கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது என்று சிரிப்பார்களோ என்ற தயக்கம்.

வேடிக்கை என்னவென்றால், பிஸ்ட்ரோ என்பதே ஊர் விட்டு ஊர் வந்த உழைப்பாளிகள், தங்களைப் போன்ற உழைப்பாளிகளுக்காக நடத்திய கடைதான். நம் ஊர் வழக்கில் சொன்னால், அது பாரிஸ் தொழிலாளியின் மெஸ்!

கரி விற்றவர்கள் போட்ட சாப்பாடு

பிரான்சின் நடுப்பகுதியில் ஓவெர்ன் என்றொரு மலைநாடு உண்டு. குளிர் அதிகம். நிலம் கரடு முரடு. விளைச்சல் போதாமல், அங்கிருந்து ஆண்கள் பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்தார்கள். 19-ம் நூற்றாண்டில் இந்த வரவு பெருகியது. முதலில் அவர்களுக்குக் கிடைத்த வேலை தண்ணீர் சுமப்பது. குழாய் வசதி இல்லாத மாடி வீடுகளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். பிறகு விறகும் நிலக்கரியும் சுமந்தார்கள். நாலு காசு சேர்ந்ததும் சிறு கடை பிடித்துக் கரி விற்றார்கள். கரி வாங்க வருபவருக்கு ஒரு கோப்பை ஒயினும் ஊற்றிக் கொடுத்தார்கள். ‘ஒயின், கரி’ என்ற இரண்டையும் ஒரே பலகையில் எழுதி மாட்டியிருப்பார்கள்.

பாரிஸ்காரர்கள் இவர்களுக்கு ‘பூஞ்ஞா’ என்று ஒரு கேலிப் பெயர் வைத்தார்கள். கரிக்காரன் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லையும் ஓவெர்ன் நாட்டான் என்பதையும் சேர்த்துத் திரித்த பெயர் அது. பிற மாநிலங்களில் ‘மதராசி’ என்று அழைக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கேலியின் ருசி தெரியும்.

கடையின் பின்புறத்தில் வீட்டு அடுப்பு எரிந்தது. மனைவி சமைத்ததை, வந்தவருக்கும் ஒரு தட்டுப் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு வீட்டில் என்ன வெந்ததோ அதுதான் விற்பனைக்கும். தினம் மாறும் சமையலை அச்சடித்து வைக்க முடியுமா? கரும்பலகையில் எழுதினார்கள். இன்று அலங்காரமாக மாட்டப்படும் கரும்பலகை, அன்று காகிதச் செலவு இல்லாத வழி. வண்டிக்காரரும் கொத்தனாரும் குமாஸ்தாவும் அங்கே வந்து சாப்பிட்டார்கள். பாரிசின் பிஸ்ட்ரோக்களில் பெரும் பகுதி இப்படி வளர்ந்தவைதான்.

பாரிசுக்கு வந்த ஓவெர்ன் மக்களுக்கென்று 1882-ல் லூயி போனே என்பவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். ‘பாரிசின் ஓவெர்ன்காரர்’ என்பது அதன் பெயர். சொந்த ஊர்ச் செய்தியும், விற்பனைக்கு வரும் கடைகளின் விவரமும் அதில் வந்தன. விடுமுறையில் ஊருக்குப் போகக் குறைந்த கட்டண ரயில்களுக்கும் போனே ஏற்பாடு செய்தார். வெளி மாநிலத்தில் தமிழ்ப் பத்திரிகை பிரித்துப் பொங்கல் சிறப்பு ரயில் விவரத்தைத் தேடும் வாசகருக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு வேண்டுமா?

அந்த மக்களின் உழைப்பு வீண் போகவில்லை. பாரிசில் எழுத்தாளர்களும் மந்திரிகளும் கூடும் புகழ்பெற்ற ‘லிப்’ உணவு விடுதியை 1920-ல் வாங்கி உயர்த்திய மார்செலின் காஸ், பக்கத்து மலை மாவட்டமான அவெரோனிலிருந்து வந்தவர்தான்.

‘பிஸ்ட்ரோ’ என்ற சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். 1814-ல் நெப்போலியனைத் தோற்கடித்துப் பாரிசுக்குள் நுழைந்த ரஷ்யச் சிப்பாய்கள், ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று தங்கள் மொழியில் ‘பிஸ்த்ர’ என்று கத்திச் சாப்பாடு கேட்டார்களாம். அதுவே பெயராகி விட்டதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு அச்சில் அந்தச் சொல் தலைகாட்டுவது 1880-களில்தான். இடையில் எழுபது ஆண்டுகள் அது எங்கே போயிருந்தது? ஆகவே மொழி ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கதையை நம்புவதில்லை.

துண்டுக்கு ஒரு பெட்டி

கரிக் கடைகள் ஒரு பக்கம் இருக்க, கூலிக்காரர்களின் வயிற்றுக்கு வேறொரு ஏற்பாடும் நடந்தது. 1850-களில் பாரிசின் பெரிய சந்தையை ஒட்டி, துவால் என்ற கசாப்புக் கடைக்காரர் ஒரு யோசனை செய்தார். நல்ல கறித் துண்டுகளை வசதி படைத்தவர் வாங்கிப் போய்விடுகிறார்கள். எஞ்சியதை என்ன செய்வது? அதை வேக வைத்து, சூடான சாறும் கறியுமாகச் சந்தைத் தொழிலாளருக்கு மலிவு விலையில் கொடுத்தார். ‘பூயோன்’ என்ற வகைக் கடைகள் இப்படித்தான் தோன்றின. பூயோன் என்றால் கறி வேக வைத்த சாறு. நகரெங்கும் அவை பரவின.

அந்த வகையில் 1896-ல் சகோதரர்கள் இருவர் தொடங்கிய ‘ஷார்த்தியே’ பாரிசில் இன்றும் நடக்கிறது. பெரிய கூடம். நெருக்கமாகப் போட்ட மேஜைகள். இடமில்லை என்றால் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். மேஜை மேல் விரித்த காகிதத்திலேயே சிப்பந்தி கணக்கை எழுதிக் கூட்டுவார். சுவரில் எண் போட்ட சின்னச் சின்ன இழுப்பறைகள் இருக்கின்றன. தினமும் வரும் வாடிக்கையாளர் தம் கைத்துண்டை மடித்து அதில் வைத்துவிட்டுப் போவதற்காக ஏற்பட்டவை அவை. வேறு ஊரிலிருந்து வந்து ஒற்றை அறையில் குடியிருந்த குமாஸ்தாவுக்கு, நகரத்தில் தன் பெயருக்கென்று இருந்த ஓரிடம் அந்தப் பெட்டி.

மாதச் சீட்டு வாங்கி மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இது புரியும். ‘சார் வந்துட்டார், ரசம் கொண்டா’ என்று ஒரு குரல் எழும்புவதில் எத்தனை ஆறுதல்! சாப்பாட்டோடு சேர்த்து அந்த அடையாளத்தையும் அல்லவா அவர்கள் பரிமாறினார்கள்?

புனே முன்பே கண்ட பிஸ்ட்ரோ

பெயர் புதிதாக இருக்கலாம். ஏற்பாடு புனேவுக்குப் புதிதல்ல. ஈரானின் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் பம்பாய்க்கும் புனேவுக்கும் வந்த ஈரானியர்கள் தெரு முனைகளில் டீக்கடை வைத்தார்கள். பளிங்கு மேஜை, வளைந்த முதுகு நாற்காலி, பாலேறிய டீ, வெண்ணெய் தடவிய பன். டெக்கான் ஜிம்கானா பகுதியில் 1935-ல் தொடங்கிய ‘குட்லக்’ கஃபே இன்றும் கூட்டம் நிறைந்து நடக்கிறது. ராணுவக் கேம்ப் பகுதியில் 1955-ல் ஏற்பட்ட கயானி பேக்கரியின் பிஸ்கட்டை ஊருக்குப் போகும்போது வாங்கிப் போகாத புனேத் தமிழர் அபூர்வம். மலிவு, விரைவு, யாரும் உட்காரலாம் என்ற மூன்றும் ஈரானிக் கடையின் இலக்கணம். பாரிசின் கரிக்காரர் வகுத்ததும் அதேதான்.

மராட்டியர்களுக்குச் சொந்தமான ஏற்பாடு ‘கானாவள்’. பம்பாய் மில்களுக்குக் கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த தொழிலாளருக்கு, தங்கள் வீட்டிலேயே சமைத்துப் போட்ட பெண்கள் அதை நடத்தினார்கள். சம்பளம் வந்த பிறகு காசு வாங்குவது வழக்கம். அது வரை மளிகைக்குக் கடன், கடனுக்குக் கந்து வட்டி. இந்தப் பெண்களை ஒன்று திரட்டி, வங்கிக் கடன் கிடைக்கச் செய்ய 1975-ல் பிரேமா புரவ் தொடங்கியதுதான் அன்னபூர்ணா மகளிர் மண்டலம். கானாவளில் சாப்பிட்டவருக்குப் பசி தீர்ந்தது. ஆனால் கணக்கில் பெரும் பகுதியைச் சுமந்தது அடுப்படியில் நின்ற பெண். பாரிசின் கரிக் கடைப் பின்புறத்திலும் இதுவேதான் நடந்தது. மெஸ் என்றால் நினைவுக்கு வருவது முதலாளியின் பெயர். சமைத்த அம்மாளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

புதுச்சேரி தந்த வடகம்

பிரெஞ்சுச் சாப்பாடு என்றால் தமிழனுக்குச் சம்பந்தமில்லாதது என்று எண்ணிவிட வேண்டாம். 1674-லிருந்து புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வேரூன்றினார்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான மாற்றமும் நிறைவேறியது. இடைப்பட்ட இத்தனை ஆண்டுகளில் இரண்டு அடுப்படிகளும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்காமல் இருந்திருக்குமா?

புதுச்சேரிக்காரர் வீடுகளில் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையுமான நீள ரொட்டி சாதாரணப் பண்டமாயிற்று. கிறிஸ்துமசுக்கு ரம்மில் ஊறிய பழங்கள் சேர்த்த ‘விவிக்கம்’ கேக் செய்யும் குடும்பங்கள் உண்டு. இது அங்கிருந்து இங்கு வந்தது.

இங்கிருந்து அங்கு போனது வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயிலில் நாள் கணக்கில் காய வைக்கும் அதே தாளிப்பு வடகம்தான். ‘வடவம்’ என்று ஊர் வழக்கில் சொல்லப்படும் இது, பிரெஞ்சுக்காரர் வாயில் ‘வடுவன்’ ஆயிற்று. இன்று பாரிசிலும் நியூயார்க்கிலும் பெயர் பெற்ற சமையல்காரர்கள் மீனுக்கும் கோழிக்கும் பூசணிச் சூப்புக்கும் ‘வடுவன்’ தூவுகிறார்கள். மாடியில் பாய் விரித்துக் காக்கை ஓட்டிக் காய வைத்த பாட்டியின் சரக்கு, கண்ணாடிப் புட்டியில் அடைபட்டு நல்ல விலைக்குப் போகிறது.

இன்னொரு சொல்லும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு 19-ம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே சோற்றுக்குத் தொட்டுக் கொள்ளும் காரமான பண்டத்தின் பெயர் ‘ருகாய்’. ஊறுகாய் என்ற நம் சொல்தான் அது. மொழியை மறக்க வைத்த கடல் கூட ஊறுகாயை மறக்க வைக்க முடியவில்லை!

பாரிஸ் அடுப்படியில் தமிழர்

இப்போது அந்தக் கரிக்காரர்களின் இடத்தில் யார்? பாரிசின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பெல் என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்ப் பலகைகளோடு மளிகைக் கடையும் நகைக் கடையும் வரிசையாக உண்டு. 1983-ம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் உருவாக்கிய கடைவீதி அது. மொழி தெரியாமல் வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது உணவு விடுதிகளின் பின்கட்டு வேலை. ‘கோப்பை கழுவுகிற வேலை’ என்று அவர்களே அதைச் சொல்வார்கள். கழுவும் தொட்டியிலிருந்து காய் நறுக்கும் மேஜைக்கும், அங்கிருந்து அடுப்புக்கும் உயர்ந்தவர்கள் பலர். பாரிசின் பிரெஞ்சு உணவு விடுதிகளில் வாணலி பிடிக்கும் தமிழர் இன்று சகஜமான காட்சி.

அவர்களில் ஒருவரை உலகமே திரும்பிப் பார்த்தது. பாரிஸ் மாநகராட்சி 1994-லிருந்து ஆண்டுதோறும் சிறந்த நீள ரொட்டிக்கு, அதாவது ‘பகேத்’துக்குப் போட்டி நடத்துகிறது. 2023-ல் முதல் பரிசு வாங்கியவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கைத் தமிழர். பாரிசின் 20-ம் வட்டாரத்தில் ரொட்டிக் கடை நடத்துகிறார். 2006-ல் பிரான்சுக்கு வந்தவர். பரிசுத் தொகை 4,000 யூரோ. அதைவிடப் பெரிய பரிசு, ஓராண்டு காலம் பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் பெருமை. அடுத்த ஆண்டு, 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கான தீபத்தை ஏந்தி ஓடியவர்களில் அவரும் ஒருவர்.

இந்த ரொட்டி செய்யும் கைத்திறனை யுனெஸ்கோ 2022-ல் மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அறிவித்த அடுத்த ஆண்டே, அந்த நகரில் அதைச் சிறப்பாகச் சுட்டவர் என்ற பட்டத்தைத் தமிழ் பேசும் ஒருவர் தட்டிச் சென்றார். மகர்பட்டாவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூச்சப்பட்டு நிற்கும் தமிழர் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே தட்டில் இருக்கும் ரொட்டியைப் பற்றி அங்கே யாரும் அவருக்குப் பெரிதாகப் பாடம் சொல்லிவிட முடியாது.

உள்ளே போனால்...

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்த தகப்பனாரை, முதல் சம்பளம் வாங்கிய மகன் இப்படி ஒரு கடைக்கு அழைத்துப் போகிறான் என்று வைத்துக் கொள்வோம். பட்டியலைப் பார்த்துவிட்டு, ‘ஏலே, வெங்காயச் சாறுக்கா இந்த வெல?’ என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. வெங்காயத்தைச் சிறு தீயில் வெகு நேரம் வதக்கிப் பழுப்பு நிறமாக்கி, சாறு ஊற்றி, மேலே ரொட்டியும் பாலாடைக் கட்டியும் வைத்துச் சுட்டெடுப்பதுதான் பிரெஞ்சு வெங்காயச் சூப். பாரிஸ் சந்தையில் இரவெல்லாம் மூட்டை தூக்கியவர்கள் விடியற்காலைக் குளிருக்குக் குடித்த சாறு அது. விலையில் பெரும் பகுதி வெங்காயத்துக்கு அல்ல. இடத்தின் வாடகைக்கும், குளிர்பதனத்துக்கும், அந்த மங்கலான விளக்குக்கும்தான்.

மற்றப் பெயர்களும் இப்படித்தான். ‘ரத்ததூய்’ என்பது கத்தரிக்காய், தக்காளி, குடமிளகாய், பூண்டு சேர்த்து ஆலிவ் எண்ணெயில் வேக வைத்த கூட்டு. தெற்குப் பிரான்சில் தோட்டத்தில் கிடைத்ததைப் போட்டுச் செய்த ஏழைச் சமையல். ‘க்ரெப்’ என்பது கோதுமை மாவும் முட்டையும் பாலும் கரைத்துக் கல்லில் மெல்லிசாக ஊற்றும் தோசை. ‘கீஷ்’ என்பது முட்டையும் பாலேடும் ஊற்றிச் சுட்ட மாவுத் தட்டு. ‘கோக் ஓ வேன்’ என்பது ஒயினில் வெந்த கோழி. முற்றிய சேவலின் கறி இளகுவதற்காகக் கிராமத்தார் கண்ட வழி. ‘ப்ளா து ஜூர்’ என்று கரும்பலகையில் இருந்தால் ‘இன்றைய சாப்பாடு’ என்று பொருள். இருப்பதில் மலிவும் புதிதுமாக இருப்பது பெரும்பாலும் அதுதான்.

மரக்கறி உண்பவர்கள் நான்கு விஷயங்களைக் கேட்டுக் கொள்வது நல்லது. வெங்காயச் சூப்பின் சாறு பெரும்பாலும் கறி வேக வைத்த சாறாக இருக்கும். குழம்புகளில் ஒயின் சேர்ந்திருக்கலாம். இனிப்புப் பண்டங்களில் முட்டை அநேகமாக உண்டு. தளதளவென்று இருக்கும் சில இனிப்புகளில் மிருகங்களின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் கலந்திருக்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். சிப்பந்தி உள்ளே போய் விசாரித்துச் சொல்வார். அது அவர் வேலை.

கத்தி, முள்கரண்டிப் பிரச்னைக்கும் வழி உண்டு. ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துச் சாப்பிடுவதே பிரெஞ்சு முறை. தட்டில் எஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடுவதும் சாதாரண பிஸ்ட்ரோக்களில் தவறாகக் கருதப்படுவதில்லை. கையால் சாப்பிட்டுப் பழகியவனுக்கு இது போதாதா?

பில்லைப் பார்க்கவும்

கூச்சம் போனால் போதாது, கணக்கும் தெரிய வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு முக்கியமான பகுதி இதுவே.

சாதாரண உணவு விடுதியில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம். இது இரண்டாகப் பிரித்து, மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை என்று பில்லில் அச்சாகியிருக்கும். 2017 நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள விகிதம் இது. பெரிய நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் விடுதிகளில் வரி கூடும். மது அருந்தினால் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநிலத்தின் தனி வரி உண்டு.

‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு வரி தனியாக இருக்கலாம். பெயரைப் பார்த்து அரசாங்க வரி என்று பலர் எண்ணிக் கொள்கிறார்கள். அது வரியல்ல. கடைக்காரர் தாமாகப் போடுவது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட நெறிமுறைப்படி, அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. ஓட்டல்காரர்களின் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தன. 2025 மார்ச் 28 அன்று டில்லி உயர் நீதிமன்றம் நெறிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்று அமைதியாகச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

பிரான்சில் இந்தத் தொல்லை இல்லை. பரிமாறும் கூலி, வரி எல்லாம் பட்டியல் விலையிலேயே அடக்கம் என்பது அங்கே சட்டம். கரும்பலகையில் எழுதிய தொகைதான் பில்லிலும் வரும். ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் காசில்லை. பிரெஞ்சுப் பெயரை இறக்குமதி செய்பவர்கள் இந்த வழக்கத்தையும் சேர்த்துக் கொண்டு வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

பட்டியலைக் கேட்டு வாங்கி விலையைப் பார்ப்பதும், தண்ணீர் பாட்டில் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும் என்பதும், ஒன்றை வாங்கி இருவர் பகிர்வதும் இழுக்கல்ல. விலை கட்டுப்படியாகாது என்றால் எழுந்து வந்துவிடுவதும் இழுக்கல்ல.

இதைச் சொல்லும்போதே பரிமாறுபவரையும் நினைக்க வேண்டும். அவரும் பெரும்பாலும் வேறு மாநிலத்திலிருந்து வந்து, நாலு பேரோடு ஓர் அறையில் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்தான். மனமுவந்து கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

குறைந்து வரும் கடைகள்

பிரான்சிலேயே பழைய பிஸ்ட்ரோக்கள் குறைந்து வருகின்றன. 1960-ல் அந்த நாட்டில் சுமார் 2 லட்சம் கஃபேக்களும் பிஸ்ட்ரோக்களும் இருந்தன. இன்று 40 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டன. வாடகை ஏறியது. தொழிற்சாலைகள் நகரை விட்டு நகர்ந்தன. அவசரச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. கிராமத்தில் ஒரே பிஸ்ட்ரோவும் மூடப்பட்டால், வயதானவர்கள் நாலு வார்த்தை பேச இடமில்லாமல் போகிறது என்று அங்கே கவலைப்படுகிறார்கள். 2024-ல் பிஸ்ட்ரோ, கஃபே வழக்கங்களைத் தங்கள் நாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் பிரான்ஸ் சேர்த்துக் கொண்டது. ஒரு பக்கம் பாரிசில் பழைய ‘பூயோன்’ பாணியில் மலிவு விலைக் கடைகள் மீண்டும் தோன்றி, வாசலில் வரிசை நிற்கிறது. மலிவாகவும் மரியாதையாகவும் சாப்பாடு கிடைத்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மகர்பட்டா போன்ற புதிய நகரங்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. நிலத்தை இழக்காமல் கூட்டாக நகரம் கட்டிய விவசாயிகளின் சாதனை பெரிது. அங்கே வேலைக்கு வரும் ஆயிரக் கணக்கானவர்களில், நூறு ரூபாய்க்குள் வயிறு நிறைய வேண்டியவர்களும் இருக்கிறார்கள். வாடகை ஏற ஏற, முதலில் வெளியேறுவது அவர்களுக்குச் சோறு போடும் கடைகள்தான். மதிய நேரத்தில் கட்டட நிழலில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் இது விளங்கும். கடைத்தொகுதியில் பத்துக் கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே, குறைந்த வாடகையில் ஒரு கானாவளுக்கோ ஒரு மெஸ்ஸுக்கோ இடம் ஒதுக்குவது நகரை நடத்துபவர்களுக்குப் பெரிய பாரமாகாது.

நம்மவர்களும் செய்ய வேண்டியது உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை, பிறந்த நாளுக்கோ சம்பள உயர்வுக்கோ, குடும்பத்தோடு அந்தக் கதவைத் தள்ளிக் கொண்டு உள்ளே போகலாம். தலை நிமிர்ந்து உட்கார்ந்து, தெரியாததைக் கேட்டு, ருசித்து, பில்லைச் சரி பார்த்து வரலாம். மற்ற நாட்களில், தெருக்கோடியில் தமிழ் அம்மாள் ஒருவர் நாலு பேருக்குச் சமைத்துப் போடுகிறார் என்றால், அங்கே தவறாமல் போய்ச் சாப்பிட்டு, கடன் வைக்காமல் மாதம் பிறந்ததும் காசைக் கொடுத்துவிட வேண்டும். பாரிசின் கரிக்காரர்கள் முன்னுக்கு வந்ததற்கு, நாள் தவறாமல் வந்த அவர்களுடைய வாடிக்கையாளர்களும் ஒரு காரணம்.